கடலூர் முற்றுகை: கடலைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூர்க் கோட்டையை ஆங்கிலேயர் வளைத்த 1783 முற்றுகை பற்றிய உங்கள் கட்டுரையில் கோட்டையும் துப்பாக்கியும் வந்தன, கடலைக் காணோம். ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் பீரங்கிகளோடு மோதியது இங்கேதான். ஆள் பற்றாத சுஃப்ரென், கோட்டையிலிருந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியிடம் சுமார் 1,200 பேரை வாங்கிக் கப்பலேற்றினார். ஹியூஸின் மாலுமிகளோ ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிக் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனாலும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட, முற்றுகையிட்ட ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை கடல்வழித் துணையின்றித் திண்டாடியது.

இதில் கொடுமை, ஐரோப்பாவில் ஜனவரி 20-லேயே இரு நாடுகளுக்கும் இடையே பூர்வாங்க சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சேதி வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல்! அதற்குள் இரு தரப்பிலும் செத்த நம் சிப்பாய்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

- ஒரு வாசகர், கடலூர்