முதலில் கதவை மாட்டுங்கள், அப்புறம் வெல்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் தண்ணீருக்குள் நின்ற பழைய அம்பாசிடர், பத்மினி கார்கள் இப்போது ஒவ்வொன்றாக டிங்கரிங் (கார்த் தகட்டு வேலை) கடைக்கு வருகின்றன. அப்போது இஞ்சினைக் கழுவி, சீட்டைக் காயவைத்து ஓட்டிவிட்டார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிக்குள் புகுந்த வண்டலை யாரும் எடுக்கவில்லை, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிட்டது. வெளியே பெயின்ட் லேசாகப் பொரிந்திருக்கும், அவ்வளவுதான், ஸ்குரூடிரைவரால் குத்தினால் பிடிவரை உள்ளே போகும்.

தகடு மாற்றத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் மாற்றுகிற விதம் வயிற்றைக் கலக்குகிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் வேலை முடிந்து நின்ற அம்பாசிடரைப் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஆனால் முன்கதவின் பின்னோரத்தில் மேலே விரல் நுழைகிறது, கீழே கதவு பில்லரில் (இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கும் தூணில்) உரசிப் புதுப் பெயின்ட்டைச் சுரண்டியிருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்கவே வேண்டாம். கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, வண்டியை நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே மூச்சில் அறுத்திருக்கிறார்கள். அம்பாசிடருக்கு அடியில் பாரம் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடிதான் பாரத்தைச் சுமக்கிறது. சில்லை அறுத்ததும் முன்பக்கமும் பின்பக்கமும் தொங்கியிருக்கும், தொங்கிய நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்ற வைத்துவிட்டார்கள். இனி அந்தக் கதவை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் சேராது. (அந்தக் காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம், அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு.)

நல்ல டிங்கர் அண்ணாச்சிமார் செய்கிற முறை வேறு. வண்டியைச் சமதரையில் அதன் சக்கரத்திலேயே நிறுத்துவார்கள். அறுப்பதற்கு முன்னாலேயே கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் கம்பியை வைத்துப் பற்ற வைத்து இறுக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் முழுசாக முடியாமல் அடுத்த பக்கத்தைத் தொடமாட்டார்கள். புதுச் சில்லைக் கிளாம்பிலும் திருகாணியிலும் நிறுத்திக் கதவை மாட்டி, திறந்து மூடி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வருகிறதா என்று பார்ப்பார்கள். வராது, முதல் தடவை வரவே வராது. மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது, இப்போது பெரும்பாலும் கிடைப்பது பழைய வண்டியில் அறுத்தெடுத்ததோ கையால் மடக்கியதோதான், அதைத் தட்டித் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும்.

அப்புறம்தான் வெல்டிங். தையற்காரர் தைப்பதற்கு முன் நூலோட்டுவது மாதிரி, முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு, மறுபடி கதவை மூடிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள தகட்டில் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனால் நெளியாமல் என்ன செய்யும்? கேஸ் வெல்டிங்கில் சூடு இன்னும் அகலமாகப் பரவும், மின்சாரத்தில் கம்பியை உருக்கிப் பற்ற வைக்கும் மிக் வெல்டிங் இருக்கிற கடையாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. கார்க் கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் (இரண்டு தகடுகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டும் முறை) வைத்த இடங்களில் மேல் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அந்தத் துளைக்குள் நிரப்பிப் பற்ற வைத்தால் கெட்டியாக நிற்கும்.

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. "கல்யாண வீட்டுக்கு வண்டி வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க" என்று வண்டிக்காரர்கள் நெருக்கினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? வண்டியை விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தபிறகு போய் நிற்காதீர்கள். பற்ற வைப்பதற்கு முன் ஒருமுறை, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போடுவதற்கு முன் ஒருமுறை போய்க் கதவை நீங்களே மூடிப் பாருங்கள். பட்டி ஏறிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாமல் நழுவும். பேட்டை அரசு ஐடிஐ-யில் இந்தத் தகட்டு வேலைக்கென்று மாலை நேரக் குறுகிய பயிற்சி ஒன்று வைத்தால், கடைகளில் வேலை பழகும் பையன்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் சில் பெட்டிக்குள் துரு தடுக்கும் மெழுகு அடிக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் ஓட்டைகளைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அடைத்திருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

– ஓர் அம்பாசிடர் உரிமையாளர், பாளையங்கோட்டை