டோக்கெலாவ் நிராகரிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சின்னஞ்சிறு தீவுப்பகுதிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோக்கெலாவ் தீவுகளைப் பற்றி, '2007இல் டோக்கெலாவ் மக்கள் சுதந்திரத்தை நிராகரித்தனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள்.

முதலாவது, கேட்கப்பட்டது முழுச் சுதந்திரம் அல்ல. நியூசிலாந்துடன் விருப்பப்பூர்வ இணைப்பில் தன்னாட்சி. நியூசிலாந்துக் குடியுரிமையும் நிதியுதவியும் தொடரும் என்ற ஏற்பாட்டோடுதான் வாக்கெடுப்பே நடந்தது.

இரண்டாவது, பெரும்பான்மையோர் 'ஆம்' என்றே வாக்களித்தனர். வாக்கெடுப்பு நடந்த விதத்தை முதலில் சொல்கிறேன். அங்கே விமானத்தளம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பலேறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் துறைமுகம் இல்லாததால் பவளப்பாறை விளிம்பைத் தாண்டச் சிறு படகுக்கு மாற வேண்டும். அதனால் அத்தாபூ, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ ஆகிய மூன்று தீவுகளிலும் ஒரே நாளில் வாக்கெடுப்பை நடத்தாமல், அக்டோபர் 20 முதல் 24 வரை தீவு தீவாக நடத்தினார்கள். 692 வாக்குகளில் 446 ஆதரவு, அதாவது 64.4 விழுக்காடு. விதித்திருந்த வரம்போ மூன்றில் இரண்டு பங்கு: 462. 16 வாக்குகள்தான் போதாமல் போயின. 2006 பிப்ரவரியில் நடந்த முதல் வாக்கெடுப்பும் 60 விழுக்காடு ஆதரவு பெற்று இதே வரம்பில்தான் தட்டிப்போனது.

பக்கத்து நியுவே தீவு 1974இல் சுமார் 65 விழுக்காட்டோடு இதே வகைத் தன்னாட்சியை அடைந்துவிட்டது. அங்கே சாதாரணப் பெரும்பான்மையே போதுமாக இருந்தது. டோக்கெலாவின் உயர்ந்த வரம்பை வெளியார் யாரும் திணிக்கவில்லை. அவர்களுடைய பொதுச்சபையான ஃபோனோவே வைத்துக்கொண்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒருமித்து முடிவெடுக்கும் சமூகம், நூலிழைப் பெரும்பான்மையில் அரசமைப்பை மாற்றத் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் 60 விழுக்காடு கிடைத்த பிறகு, வரம்பையும் தளர்த்தாமல், 20 மாதத்துக்குள் மறுபடி வாக்குக்கு விட்டது அவசரம் என்றே சொல்வேன்.

வாக்கெடுப்புக் காலத்தில் தீவுகளில் இருந்தவர்கள் சுமார் 1,500 பேர். நியூசிலாந்தில் குடியேறிய டோக்கெலாவ் மக்களோ அப்போது ஏறக்குறைய 7,000 பேர். குடியேறியவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. பணம் அனுப்பும் உறவினர்களின் கவலை தீவுவாசிகளின் காதில் விழாமலா இருந்திருக்கும்? கட்டுரை இதைத் தொடவே இல்லை.

2008இல் ஃபோனோ இந்தப் பேச்சை ஒத்திவைத்தது. ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் டோக்கெலாவ் இன்னும் இருக்கிறது. 'ஆதரவு 64.4 விழுக்காடு, வரம்பு எட்டப்படவில்லை' என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்