இன்னும் எவ்வளவு குறைய வேண்டும், டாக்டர்?

உண்ணுதல் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் தங்கையை உங்களில் ஒருவரிடம் அழைத்து வந்திருந்தேன். ஏழு மாதமாக அவள் சாப்பாடு சாப்பாடாக இல்லை. எடை மளமளவென்று இறங்கியது, மாதவிடாய் நின்றது, இரண்டு முறை மயங்கி விழுந்தாள். எடை பார்த்தார்கள், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பிஎம்ஐ கணக்குப் போட்டார்கள். "நார்மல்தானே, இது அனோரெக்சியா இல்லை. இன்னும் குறைந்தால் வாங்க" என்றார் டாக்டர். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்தான் அனோரெக்சியா. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று இரவு அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இன்னும் எவ்வளவு குறைஞ்சா நம்புவாங்க?" மறுநாள் காலையும் அவள் சாப்பிடவில்லை. உடம்பைக் குறைப்பதே நோயாக இருப்பவளிடம் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. முதலில் பருமனாக இருந்தவர் நிறைய எடை இழந்தும் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கலாம். அதற்கு அட்டிபிகல் அனோரெக்சியா (வழக்கமான வடிவில் இல்லாத அனோரெக்சியா) என்ற பெயர் 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டிலேயே இருக்கிறது. அவர்களுக்கும் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம், மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரியலாம். ஆனால் அந்தப் பெயர் இருப்பது 'பிற' என்ற தலைப்பின் கீழ். பெருந்தீனி இல்லாமலே வாந்தி எடுப்பவர்கள், இரவில் எழுந்து எழுந்து சாப்பிடுபவர்கள் எல்லோரும் அதே 'பிற'தான். 'பிற' என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமா?

அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டுவது புலிமியா. முன்பு அது வாரம் இருமுறையாவது நடக்க வேண்டும் என்று கணக்கு. அதே 2013இல் ஒருமுறை போதும் என்றானது. நோயாளி அப்படியே இருந்தார், புத்தகம்தான் மாறியது. அந்த எல்லைக்கோட்டையா இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்கிறீர்கள்? வெளியே போனால் "இளைச்சு அழகாயிட்டியே" என்கிறார்கள், உள்ளே வந்தால் "நார்மல்" என்கிறீர்கள். அவள் யாரிடம்தான் போவாள்?

சரி, கோபத்தில் ஏதேதோ எழுதுகிறேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: எடையை மட்டும் வைத்து யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். எவ்வளவு எடை, எத்தனை நாளில் போனது என்று கேளுங்கள். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ரத்தத்தில் உப்புகளின் அளவு, இவற்றைப் பாருங்கள். அதன்பிறகு முடிவு சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி அழைத்து வருகிறேன். எடை பார்த்தே ஆகவேண்டுமென்றால், தயவுசெய்து அந்த எண் அவள் கண்ணில் படாதபடி திருப்பி நிற்க வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா