எச்.ஐ.வி. உள்ளவர்களின் வலியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1-ஆம் தேதி வரும் உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி எச்.ஐ.வி. பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது ஒரு நல்ல செய்தியைத் தவறாமல் சொல்கின்றன. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும், துணைக்குத் தொற்றாது, நீண்ட காலம் வாழலாம் என்கிறார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் கிருமி அடங்கிய பிறகும் உடம்பு வலிக்கிறதா என்று கேட்பவர் குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 39 முதல் 85 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட வலி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆகக் குறைந்த கணக்கை எடுத்தாலும் பத்துப் பேரில் நான்கு பேர். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அவர்கள் செம்பனைக் குலை வெட்டப் போக வேண்டும், அல்லது தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். வலித்தால் வேலை போகும், தூக்கம் போகும், பிறகு மாத்திரை சாப்பிடும் ஒழுங்கும் போகும்.

அதிகம் காண்பது பாத நரம்பு வலி. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து தொடங்கும். முதலில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும், பிறகு மரத்துப்போதல். இரவில் கூடும். போர்வை உரசினாலே சுளீரென்று இருக்கும். கிருமியே நரம்பைக் கெடுப்பது ஒரு காரணம். முன்பு எச்.ஐ.வி.க்குக் கொடுத்த ஸ்டாவுடின், டிடனோசின் மருந்துகள் இன்னொரு காரணம். ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்னது. மருந்தை நிறுத்தியும் நரம்பு முழுதாகத் தேறாதவர்கள் உண்டு. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் நரம்புக்கு வேண்டிய பி6 சத்தைக் குறைக்கும். அதனால்தான் கூடவே பைரிடாக்சின் என்ற பி6 மாத்திரை தருகிறார்கள், நாளுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை. வெறும் சத்து மாத்திரைதானே என்று அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. இவற்றோடு நீரிழிவும், சம்சு என்ற மலிவுச் சாராயமும், வருடக்கணக்கில் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடுவதால் வரும் பி12 குறைவும் சேரும். ஒரே ஆளுக்கு இதில் மூன்று இருக்கலாம். எல்லாவற்றையும் 'எச்.ஐ.வி. வலி' என்று ஒரே பெயரில் எழுதி மூடிவிட்டால், சரிசெய்யக் கூடியதும் அப்படியே கிடக்கும்.

எங்களுக்குப் பெரிய கவலை வலி மாத்திரைதான். முதுகு வலி, மூட்டு வலி என்றால் நம் ஆட்கள் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் இவற்றில் ஒன்றை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவார்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் மிகப் பரவலாக உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. இரண்டும் சேர்ந்து, வெயிலில் வேர்த்துத் தண்ணீரும் சரியாகக் குடிக்காதவருக்குச் சிறுநீரகம் சட்டென்று செயலிழந்து போகலாம். தனியார் கிளினிக் டாக்டரைக் குறை சொல்லியும் பயனில்லை. வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் நோயாளி எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவதைச் சொல்லியிருக்க மாட்டார். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஒரு வழி சொல்கிறோம். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன், சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மருந்து வேண்டாம்" என்றாவது சொல்லுங்கள். ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களும் அதே மருந்தைச் சாப்பிடுகிறார்கள். பெயரைக் கேட்டு உங்கள் நோய் இன்னதென்று யாரும் முடிவுகட்ட முடியாது. பெரும்பாலோருக்கு முதலில் பாராசிட்டமோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஹெப்பாடைட்டிஸ் சி-யால் கல்லீரல் கெட்டவர்களும் தினமும் குடிப்பவர்களும் நான்கோடு நிறுத்த வேண்டும்.

ஆனால் ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர் டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. முட்டியிலோ தோளிலோ போடும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மற்றவர்களுக்கு வேலை முடிந்ததும் உடம்பிலிருந்து கழிந்துவிடும். ரிட்டோனாவிர் அதைக் கழிய விடாது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமின் இன்னும் மோசம்: கை கால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் கறுத்துப்போகும் அளவுக்குப் போகலாம். சந்தையிலும் ஆள் மூலமாகவும் விற்கிற மூட்டுவலி ஜாமு (மலாய் மூலிகை மருந்து) பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அந்த ஜாமுவைச் சந்தேகப்படுங்கள்.

போதைப் பழக்கத்தை விட மெத்தடோன் எடுப்பவர்களின் வலியை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. இது கொடுமை. மெத்தடோன் தரும் திட்டம் இங்கே 2005-இல் தொடங்கியது. காலையில் குடிக்கும் ஒரு வேளை மருந்து போதை ஏக்கத்தை ஒரு நாள் முழுக்கத் தடுக்கும், வலியையோ ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் தணிக்கும். மாலையில் வலிக்கிறது என்பவர் நடிக்கவில்லை. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கினால் இரத்தத்தில் மெத்தடோன் பாதியாகக் குறைந்துவிடலாம். ஓரிரு வாரத்தில் எலும்பெல்லாம் முறிவது போல வலி, கொட்டாவி, மூக்கொழுகல் என்று வரும். அப்போது மெத்தடோன் அளவைத்தான் கூட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அவர் எஃபாவிரென்ஸை நிறுத்துவார், அல்லது தெருவில் விற்கும் போதைப்பொருளுக்குத் திரும்புவார்.

நரம்பு வலிக்குப் பொதுவாக முதலில் தருவது கபாபென்டின். இரவில் 300 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, தேவைப்பட்டால் நாளுக்கு 2,400 வரை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறையும். மூன்றாம் நாளே பலன் இல்லை என்று விடுவதும் வேண்டாம், திடீரென்று நிறுத்துவதும் வேண்டாம். மெத்தடோனோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சு தளரும் ஆபத்து உண்டு. நரம்பு வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான கார்பமாசெபின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துக் கிருமி தலைதூக்க இடம் கொடுக்கும்; அதனால் பக்கத்து வீட்டார் தரும் 'நரம்பு மாத்திரை'யை என்னவென்று தெரியாமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மரத்துப்போன காலுக்கு வெந்நீர், உப்பு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள். ரப்பர் பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். காலுறை இல்லாமல் போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடலாம், தொட்டால் யாருக்கும் தொற்றாது.

அரசாங்க கிளினிக்குகளுக்கு எங்கள் கோரிக்கை சிறியது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிவு செய்யும் முறையை நம் சுகாதார அமைச்சு 2008-இலேயே கொண்டுவந்தது. எச்.ஐ.வி. நோயாளி வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன வாரம் உடம்பு வலி எவ்வளவு இருந்தது? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி உண்டா? உண்டு என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) அதிரவிட்டுக் கால் கட்டைவிரல் மூட்டின் மேல் வையுங்கள். பத்து விநாடிக்குள் நோயாளிக்கு அதிர்வு தெரியாமல் போய்விட்டது என்றால் நரம்பு பாதித்திருக்கக் கூடும், கணுக்கால் அனிச்சையையும் தட்டிப் பாருங்கள். இசைக்கவையைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளிகளின் காலைச் சோதிக்கும் அறையில் இருப்பதே போதும்.

இப்படிக்கு,
தோட்டப்புறச் சுகாதாரப் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்