மில்லர் வழக்கும் நீதிபதிகள் மீதான சினமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய வரலாறு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பேச்சுவார்த்தைகளின் போக்கை நிதானமாக விளக்கிய கட்டுரையாளர், ஜீனா மில்லர் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் 2016 நவம்பர் 3 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் மட்டும், மக்கள் எடுத்த முடிவை நீதிபதிகள் மறிக்கப் பார்த்தார்கள் என்ற பொருள்பட ஒரே வரியில் கடந்துபோய்விட்டார். அக்காலத்தில் இங்கே தெருவிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட குற்றச்சாட்டுத்தான் அது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆராயப்படாமல் அச்சேறுவதால் இதை எழுதுகிறேன்.

நான் லண்டன் புறநகரான ஹாரோவில் வசிப்பவன். 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் விலக வேண்டும் என்ற பக்கமே வாக்களித்தவன். அந்தத் தீர்ப்பை ஆதரிப்பவர்கள் அனைவரும் வாக்கெடுப்பில் தோற்றவர்கள் என்று எண்ணுவோர் இன்றும் உள்ளதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி மிகக் குறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமான லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆவது பிரிவின்படி விலகல் அறிவிப்பைக் கொடுத்துவிட்டால் விலகலுக்கான இரண்டாண்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும். அந்த அறிவிப்பை, அரசியின் பெயரால் அமைச்சர்கள் அப்போது செலுத்திவந்த முடியுரிமை அதிகாரத்தைக் கொண்டு பிரதமரே கொடுத்துவிடலாமா, அல்லது நாடாளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றித் தர வேண்டுமா என்பதுதான் வழக்கு. அயல்நாடுகளுடன் உடன்படிக்கை செய்வதும் அதை முறித்துக்கொள்வதும் அந்த அதிகாரத்தில் அடங்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற முடியாது என்பதும் 1610ஆம் ஆண்டு அரச பிரகடனங்கள் வழக்கிலிருந்து நிலைபெற்றுவிட்ட விதி. 1972ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூகங்கள் சட்டம், ஐரோப்பியச் சட்டத்தை இந்நாட்டுச் சட்டத்தின் மூலங்களுள் ஒன்றாக ஆக்கியிருந்தது. விலகினால் அந்த மூலமும் அதன்வழி மக்கள் பெற்றிருந்த உரிமைகள் சிலவும் இல்லாமற்போகும். நாடாளுமன்றம் கொடுத்ததை அமைச்சர்கள் எடுத்துவிடலாகாது என்பதே மனுதாரர்களின் வாதம். உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அதை ஏற்றார்கள்.

அரசு மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும், அந்நீதிமன்ற வரலாற்றில் முதல்முறையாக ஒரே அமர்வில் உட்கார்ந்து நான்கு நாள்கள் வாதம் கேட்டார்கள். 2017 ஜனவரி 24 அன்று எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதே முடிவு உறுதியானது. மாறுபட்ட மூவரில் லார்டு ரீட் எழுதிய தீர்ப்பைத் தங்கள் வாசகர்களில் சட்டம் பயின்றவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். உடன்படிக்கையின் கீழ் அவ்வப்போது என்னென்ன உரிமைகள் இருக்கின்றனவோ அவற்றுக்குத்தான் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது, உறுப்புரிமையே இல்லாமற்போனால் வழிவிட ஒன்றும் இராது, எனவே அந்தச் சட்டம் மீறப்படவில்லை என்பது அவர் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே நானும் கருதுகிறேன். நேர்மையான நீதிபதிகள் இருவேறு முடிவுக்கு வரக்கூடிய கடினமான சட்டக் கேள்வி அது. சதி என்று பேசியவர்கள் இந்தப் பிளவை எப்படி விளக்குவார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. விலகுவது நல்லதா கெட்டதா என்பதைத் தாங்கள் தீர்மானிக்கவில்லை என்று இரண்டு நீதிமன்றங்களுமே தெளிவாகச் சொல்லியிருந்தன.

மக்களின் கோபத்துக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாக்கெடுப்புக்கு முன் வீடுதோறும் அரசு ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பியது. இணையப் பரப்புரையையும் சேர்த்து 93 லட்சம் பவுண்டு செலவான அந்தப் பிரசுரத்தில், நீங்கள் எடுக்கும் முடிவை அரசு நிறைவேற்றும் என்று எழுதியிருந்தது. ஒரு கோடியே 74 லட்சம் பேர் அதை நம்பி விலகலுக்கு வாக்களித்த பிறகு, இன்னொரு படி பாக்கியிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உறுதிமொழி அரசு கொடுத்தது, சட்டம் கொடுத்தது அல்ல. 2011ஆம் ஆண்டில் தேர்தல் முறையை மாற்றுவது குறித்து நடந்த வாக்கெடுப்புக்கான சட்டத்தில், மக்கள் ஆம் என்றால் அமைச்சர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று விதி இருந்தது. 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதோடு அது நின்றுவிட்டது. எழுதத் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டவர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். வசவு வாங்கியவர்கள் நீதிமன்றத்தில் இருந்தார்கள்.

அந்த வசவைச் சற்று விரிவாகவே நினைவுகூர வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மறுநாள் டெய்லி மெயில் நாளேடு, தலைமை நீதிபதி லார்டு தாமஸ், டெரன்ஸ் எதர்டன், பிலிப் சேல்ஸ் ஆகிய மூவரின் படங்களையும் முதற்பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. ஒருவர் ஐரோப்பியச் சட்ட அமைப்பொன்றை நிறுவியவர், இன்னொருவர் வழக்குரைஞராக இருந்தபோது அரசிடம் பெருந்தொகை வாங்கியவர், மூன்றாமவர் வெளிப்படையான தன்பால் ஈர்ப்பாளர், முன்னாள் வாள்வீச்சு வீரர் என்றெல்லாம் அதன் இணையதளம் தலைப்பிலேயே பட்டியலிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எப்படிப் பொருள்கொள்வது என்பதற்கும் வாள்வீச்சுக்கும் என்ன தொடர்போ! அமைச்சர் சாஜித் ஜாவித் தொலைக்காட்சி விவாதத்தில், மக்களின் விருப்பத்தை முறியடிக்கும் முயற்சி என்று இவ்வழக்கைச் சாடினார். விலகலுக்காக முன்னின்று பரப்புரை செய்த நைஜல் ஃபராஜ் தரப்பினர் உச்ச நீதிமன்றத்தை நோக்கி ஒரு லட்சம் பேர் ஊர்வலம் என்று அறிவித்துப் பின்னர் கைவிட்டார்கள்.

நீதித்துறையின் சுதந்திரத்தைக் காப்பது, நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சராகிய லார்டு சான்சலரின் கடமை என்று 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் கூறுகிறது. அப்பதவியில் அப்போது இருந்தவர் லிஸ் டிரஸ். வழக்குரைஞர் மன்றம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட பின், தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் அவரிடமிருந்து ஒரு சிறிய அறிக்கை வந்தது. நீதித்துறையின் சுதந்திரத்தைப் புகழ்ந்த அதில் அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தத் தலைப்புப் பொருத்தமானது என்று பத்திரிகைகளுக்கு அமைச்சர் சொல்வது ஆபத்து என்று அவர் பிறகு விளக்கம் தந்தார். பத்திரிகைச் சுதந்திரத்தை நினைத்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தடைசெய்யுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, தவறு என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2017 மார்ச்சில் பிரபுக்கள் அவையின் அரசியலமைப்புக் குழுவின் முன் வந்த தலைமை நீதிபதி, டிரஸ் செய்தது முற்றிலும் தவறு என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தம் நீதிபதி வாழ்க்கையிலேயே காவல்துறையின் ஆலோசனையையும் பாதுகாப்பையும் கேட்க நேர்ந்தது அப்போது மட்டும்தான் என்றும் அவர் தெரிவித்தார்.

நீதிபதிகளுக்காவது பதவியின் அரண் இருந்தது. மனுதாரர் ஜீனா மில்லருக்கு அதுவும் இல்லை. அவர் கயானாவில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவர். அவரை வாகனம் ஏற்றிக் கொல்பவருக்கு 5,000 பவுண்டு தருவதாக முகநூலில் எழுதிய, பரம்பரைப் பட்டம் உடைய ஒருவர் 2017 ஜூலையில் 12 வாரச் சிறைத்தண்டனை பெற்றார். வந்தேறிக்கு எங்கள் அரசியலமைப்பில் என்ன வேலை என்ற தொனி அன்று பல வாய்களிலிருந்து வந்தது. நான் வாக்களித்த பக்கத்திலிருந்தே அது வந்தது என்பதால், புலம்பெயர்ந்து வந்து குடியுரிமை பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கியது. நாடாளுமன்றத்தின் இறைமையை மீட்பதே விலகலின் நோக்கம் என்று எங்கள் தரப்பு மேடைதோறும் முழங்கியிருந்தது. அந்த இறைமையை உறுதிசெய்யச் சொல்லி வழக்காடியவர் கயானாவில் பிறந்தவர் என்றதும் அந்த முழக்கம் மறந்துபோயிற்று.

தீர்ப்பைக் கொண்டாடிய மறுதரப்பினரும் அதைச் சரியாகப் படிக்கவில்லை. விலகலுக்கு முட்டுக்கட்டை விழுந்துவிட்டது என்று அவர்களில் பலர் மகிழ்ந்தார்கள். நடந்தது என்ன? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த இரண்டாம் நாளே அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. மொத்தம் 137 சொற்கள். பிப்ரவரி 1 அன்று இரண்டாம் வாசிப்பில் 498 பேர் ஆதரித்தார்கள், 114 பேர் எதிர்த்தார்கள். இங்கு வாழும் ஐரோப்பியக் குடிமக்களின் உரிமைகள் பற்றியும், இறுதி ஒப்பந்தத்தின் மீது நாடாளுமன்றம் வாக்களிப்பது பற்றியும் பிரபுக்கள் அவை சேர்த்த இரு திருத்தங்களையும் மக்களவை தள்ளிவிட்டது. மார்ச் 16இல் அரச ஒப்புதல் கிடைத்தது. பிரதமர் தெரசா மே தாமே முன்பு அறிவித்திருந்த மார்ச் இறுதிக் கெடு தவறவில்லை. 29ஆம் தேதி அறிவிப்புக் கடிதம் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்தது. தீர்ப்பால் விலகல் தாமதமானது என்று கட்டுரையாளர் கருதினால், எத்தனை நாள் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

இதே கேள்வி தென்னாப்பிரிக்காவிலும் அப்போதே எழுந்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக 2016 அக்டோபரில் அந்நாட்டு அரசு கொடுத்த அறிவிப்பு, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாததால் அரசியலமைப்புக்கு முரணானது என்று பிரிட்டோரியாவின் உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22இல் தீர்ப்பளித்தது. அரசு மறுமாதமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

மில்லர் தீர்ப்பைக் குறை சொல்லவே கூடாது என்பது என் கருத்தன்று. ஒருமுறை கொடுத்த விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அறிவிப்புக் கொடுத்தாலே உரிமைகள் பறிபோவது உறுதி என்ற வாதத்துக்கு அதுதான் வலு. அந்த அனுமானத்தின் மீதே நீதிமன்றமும் வழக்கைத் தீர்த்தது. 2018 டிசம்பர் 10 அன்று, வைட்மன் வழக்கில், விலக நினைக்கும் நாடு தானாகவே அறிவிப்பைத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் 2016இல் அரசுத் தரப்பு அதை ஏன் விட்டுக்கொடுத்தது, விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் எட்டு நீதிபதிகளும் அதே முடிவுக்கு வந்திருப்பார்களா என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கியாவது வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஹாரோ, லண்டன்.