வாகனக் கொட்டகைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தினர் அனைவருக்கும் காரியக் கமிட்டியின் வணக்கம்.

கோபுர வர்ணம், மடைப்பள்ளிச் சாக்கடை, கிணற்றுக் கைப்பிடிச் சுவர் மூன்றும் சொன்ன தேதியில், சொன்ன தொகைக்குள் முடிந்தன. மீதி அறிக்கை முழுவதும் சுவாமி வாகனங்களை வைக்கும் கொட்டகையைப் பற்றியதுதான். “மழை விட்டு மாதமாகியும் உள்ளே ஒழுகுகிறது, கமிட்டி ஓட்டைத் தகரம் வாங்கிவிட்டது” என்று மார்கழி முழுக்கப் பேச்சு. நேரில் கேட்டவர்கள் சிலர். கேட்காமலே முடிவு கட்டியவர்கள் பலர்.

பர்மாவின் இந்த மோல்மீன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். பழைய கீற்றுக் கொட்டகையில் வாகனங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் 40 அடிக்கு 20 அடி இரும்புக் கொட்டகை. ஐப்பசியில் மழை ஓய்ந்ததும் 4 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டு, 14 நாள் தண்ணீர் கட்டி, கார்த்திகைக் கடைசியில் வாகனங்களை ஏற்றிப் பூட்டினோம்.

மார்கழி அதிகாலையில் விளக்கெடுக்கப் போன பூசாரி ஐயாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். டார்ச் அடித்தால், தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். துளிகள் சரிவில் இறங்கி, தகரத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பியான பர்லினில் முட்டிச் சொட்டின. தரையில் ஈரம் கோடு கோடாக, ஒவ்வொரு பர்லினுக்கும் நேர் கீழே. மயில் வாகனத்தின் கழுத்தில் நீல வர்ணம் கொப்பளித்திருந்தது. அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

காண்ட்ராக்டர் “கூரை ஒழுகவில்லை” என்றார். நாங்கள் நம்பவில்லை, பாக்கித் தொகையை நிறுத்தினோம். பிறகு அவர் முன்னிலையிலேயே, நடுப்பகலில், கூரைமேல் ஒரு மணி நேரம் குழாயால் தண்ணீர் அடித்தோம். உள்ளே ஒரு துளி விழவில்லை. அன்றிரவு தளத்தின்மேல் 2 அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி வைத்தோம். விடிந்து பார்த்தால் தாளின் அடியில் வியர்வை, தளம் கறுத்துக் கிடந்தது.

தண்ணீர் வந்தது தளத்திலிருந்து. 48 மூட்டை சிமெண்ட், மூட்டைக்கு 28 லிட்டர் என்று 1,344 லிட்டர் ஊற்றினோம். சிமெண்ட் தன் எடையில் கால்பங்கு அளவுக்குத்தான் நீரைக் கட்டிக்கொள்ளும். அது 600 லிட்டர். மிச்சத்தில் பெரும்பகுதி ஆவியாகத்தான் வெளியேற வேண்டும். மண் ஈரம் ஏறாதிருக்கத் தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்திருந்ததால் கீழே வழியில்லை, எல்லாம் மேலேதான் வந்தது. 4 அங்குலத் தளம் காய ஐந்து மாதமாவது வேண்டும். நாங்கள் ஒரு மாதத்தில் பூட்டிவிட்டோம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மேகமில்லாத குளிர்கால இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். தாங்காத நீர் அதில் படிந்தது.

காற்று போக வழி இருந்ததா? இல்லை. இறவாரத்து இடைவெளியைப் பஞ்சு வைத்து அடைக்கச் சொன்னது கமிட்டிதான். வௌவால் நுழையக் கூடாதென்று சொன்னோம். உள்காற்று குளிர்ந்த தகரத்தில் படாதிருக்க, தகரத்தின் அடியில் வெள்ளித்தாள் குமிழ்ப்பாய் போட வேண்டுமென்று காண்ட்ராக்டர் முதல் மதிப்பீட்டிலேயே எழுதியிருந்தார். செலவைக் குறைக்க அதை அடித்து நீக்கியதும் நாங்கள்தான். இதை மறைக்க மனமில்லை. ஒரு அங்கத்தினர் காஸ் அடுப்பு வைத்து உலர்த்தலாம் என்றார். ஓர் இரவு வைத்தோம், சொட்டு கூடியது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சண்டை இதற்குப் பிறகுதான். அந்தக் குமிழ்ப்பாயைப் பர்லின்மேல் விரிக்கத் தகரம் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றக் கூலி, மாட்டக் கூலி, புது ஸ்குரூ என்று காண்ட்ராக்டர் தனிக் கணக்குக் கொடுத்தார். பூட்டலாமா என்று முன்பு கேட்டபோதே தளம் காயவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் அவரைக் கேட்டோம். ஏணி, மிஷின் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 19 நாள் வேலை நின்றது. தைப்பூசம் நெருங்க நெருங்க நாங்கள் அவர் வீட்டு வாசலில் நின்ற நாட்களை இங்கே எழுதவில்லை. முடிவில் கழற்றும் கூலி அவருடையது, மாட்டும் கூலியும் பொருளும் நம்முடையது என்று பெரியவர்கள் முன் பேசித் தீர்த்தோம். வேறு ஆளை வைத்திருக்கலாமே என்கிறவர்களுக்கு: வேறு ஆள் கை வைத்தால் கூரைக்குக் காண்ட்ராக்டர் பொறுப்பேற்க மாட்டார்.

தைப்பூசத்துக்கு மயில் புது வர்ணத்தோடு புறப்பட்டது. கூரை வேலை மாசியில் முடிந்தது. இறவாரம் திறந்து வலை அடித்திருக்கிறது, முகட்டில் காற்றுப்போக்கி, இரு பக்க முக்கோணத்திலும் சாய்பலகை ஜன்னல். மதிப்பீடு 185 லட்சம் கியாட், செலவு 208 லட்சத்து 40 ஆயிரம். கூடுதல் 23 லட்சத்து 40 ஆயிரம்.

அந்தப் பற்றாக்குறையை அடைத்தவர்கள்: அரிசி மில் குடும்பத்தார், தட்டோனிலிருந்து வந்த மருமக்கள், ரங்கூன் நகைக்கடை அண்ணன், மூன்று வாரம் மோர் விற்ற காசைக் கொண்டுவந்த ஆச்சி, தீமிதி இளைஞர்கள், பெயர் வேண்டாமென்ற இருவர். மற்ற உபயதாரர்கள் 64 பேரின் பெயரும் தொகையும் மண்டபப் பலகையில் இருக்கின்றன. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம்.

ரசீதுகள் ஞாயிறு காலை பூஜைக்குப் பின் பார்வைக்கு வைக்கப்படும். கொட்டகைக் கதவு வெயில் நாளில் காலை 10 முதல் மாலை 4 வரை திறந்திருக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் அடைக்க வேண்டும். வாகனங்களைப் பலகைமேல் நிறுத்தி வேட்டித் துணியால் மட்டும் மூடுங்கள். பிளாஸ்டிக் போர்த்த வேண்டாம். சாவி பூசாரி ஐயாவிடம் இருக்கிறது.

காரியக் கமிட்டி