தாய்வழி வந்த அடிமைத்தளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் வட்டார நூலகத்தில் கூடிய வாசிப்புக் குழுவில், மலாயா ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் பட்ட பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "நாமும் ஆப்பிரிக்கர்களைப் போல அடிமைகளாகத்தான் இருந்தோம்" என்று ஒருவர் சொல்ல, பலரும் ஆமோதித்தார்கள். ஜொகூரில் பால்மரம் சீவிய ஒரு பாட்டியின் பேத்தி நான். அந்தத் துயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும் அந்த ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆப்பிரிக்க அடிமைப் பெண்கள் பட்டதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

1662ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையை வைத்தே முடிவு செய்தது. அதுவரை ஆங்கிலேயரிடம் பிள்ளை தந்தையின் நிலையைப் பெறுவதே வழக்கம். அதைத் தலைகீழாக்கியதால், அடிமைப் பெண்ணைப் பலவந்தம் செய்து முதலாளியே பெற்ற பிள்ளையும் அவனுடைய உடைமையாயிற்று. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர 1808இல் அமெரிக்கா தடை விதித்த பிறகு, அவளுடைய பிள்ளைப்பேறு பண்ணையாரின் வரவுக் கணக்கில் மேலும் பெரிதாக ஏறியது.

பிள்ளைத்தாய்ச்சி என்பதற்காக வேலையில் இரக்கம் காட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. கரீபியன் கரும்புத் தோட்டங்கள் பலவற்றில், குழி வெட்டுவது முதலான மிகக் கடினமான வேலைகளைச் செய்த அணியில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கரோலினாவின் நெல் பண்ணைகளில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தாயும் மகளுமாகக் கொண்டுவந்த கைப்பழக்கத்தோடு, மர உரலில் நெல்லைக் குத்தி, புல்லால் பின்னிய தட்டுக்கூடையில் புடைத்து அரிசியாக்கியவர்களும் பெண்கள்தாம். உரலும் முறமும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைவலி புரியும்.

பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த மேரி பிரின்ஸ் சொல்லி, 1831இல் லண்டனில் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றை நான் இரண்டு முறை படித்தேன். டர்க்ஸ் தீவின் உப்பளத்தில் முழங்கால் அளவு உப்புநீரில் பல மணி நேரம் நின்று வேலை செய்ததில், கால்களில் கிளம்பிய கொப்புளங்கள் சிலருக்கு எலும்புவரை அரித்தன என்கிறார். அதற்கு முன் அவர் இருந்த வீட்டில் ஹெட்டி என்றொரு பெண். கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பதற்காக, கர்ப்பிணி என்றும் பாராமல் அவளை மரத்தில் கட்டி, உடல் முழுதும் இரத்தம் வழிய அடித்தான் முதலாளி. குழந்தை குறைமாதத்தில் இறந்தே பிறந்தது. சில காலத்தில் அவளும் இறந்தாள். அதன் பிறகு அவளுடைய வேலையும் மேரியின் தலையில் விழுந்தது: பொழுது விடியுமுன் 11 பசுக்களைக் கறக்க வேண்டும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுதும் முதலாளிகளுக்கே போனது. ஹெட்டியைப் போன்ற பெண்களின் குடும்பங்களுக்கு ஒரு காசும் இல்லை. அடிமைகள் விடுதலையானபின் தோட்டங்களுக்கு ஆள் தேடித்தான் மொரீஷியசுக்கும் கயானாவுக்கும் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள் என்பதால், இரண்டு வரலாறுகளும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

என் பாட்டி விடியற்காலையில் பிள்ளைகளைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவார். வேலை முடிந்ததும் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வருவார். அந்தப் பிள்ளைகளை விற்கும் உரிமை எந்தத் துரைக்கும் இருந்ததில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தோட்ட வாழ்க்கை பற்றிய கட்டுரை அடுத்த முறை வரும்போது, அதன் அருகிலேயே மேரி பிரின்ஸைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்